புகைபோக்கியில் அளந்தால் போதுமா?

(ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை)

தோழர்களே!

மரத்தை எரித்து மின்சாரம் எடுப்போம்; புகையிலுள்ள கரியமில வாயுவைப் பிடித்துப் பூமிக்குள் புதைப்போம்; காற்றிலுள்ள வாயு குறையும் என்று இன்று உலகெங்கும் பேசுகிறார்கள். குறைத்த டன்னுக்கு விலையும் பேசுகிறார்கள். ஆகவே நாம் கேட்கிறோம்: உண்மையில் குறைந்தது எத்தனை டன்?

இதில் உண்மை இல்லாமல் இல்லை. மரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சித்தான் வளர்கிறது. காய்ந்த விறகின் எடையில் ஏறக்குறையப் பாதி கரி. ஒரு டன் காய்ந்த விறகு எரிந்தால் சுமார் 1.8 டன் வாயு கிளம்பும். அதை வெளியே விடாமல் புதைத்தால் லாபம்தான்.

ஆனால் வாசலில் இறங்கிய பேல் எடையை வைத்து நூல் இவ்வளவு என்று சொல்ல முடியுமா? புளோ ரூமிலும் கார்டிங்கிலும் போகும் கழிவைக் கழிக்க வேண்டும் அல்லவா? களத்தில் அளந்த நெல்லெல்லாம் மிச்சமா? இங்கும் அதே நியாயம்தான்.

ஒரு பேச்சுக்குக் கணக்குப் போடுவோம். தரிசில் நட்ட மரங்கள் 100 டன் உறிஞ்சின. எரித்தபோது 90 டன்னைப் பிடித்துப் புதைத்தார்கள். 10 டன் தப்பியது. வெட்டு இயந்திரம், லாரி டீசல், வாயுவை அழுத்தும் யந்திரம், உரம் ஆகியவற்றால் 15 டன் கிளம்பியது. 90 இல் 15 போக 75. இதுதான் நிகர வரவு.

செண்பகத்தோப்புக் காடு 2021 முதல் புலிகள் காப்பகத்தில் சேர்ந்தது, அதைத் தொடக்கூடாது. கணக்குக்காகச் சொல்கிறோம்: அதுபோல் நிற்கும் காட்டை வெட்டி அதே உலையில் போட்டால்? புதைத்தது அதே 90 டன்தான். ஆனால் அந்த 100 டன் ஏற்கெனவே மரத்துக்குள் பத்திரமாக இருந்ததே! காடு திரும்ப வளராவிட்டால், தப்பிய 10, செலவில் வந்த 15, ஆக 25 டன் காற்றுக்குக் கூடுதல். வரவு அல்ல, கடன்! புகைபோக்கியில் மாட்டிய மீட்டரோ இரண்டுக்கும் 90 என்றே காட்டும்.

கரிசல் காட்டுப் பருத்திமார் ஏழை வீட்டு அடுப்பெரிக்கும் விறகு. ஆலை அதை வாரிக்கொண்டு போனால், அந்த அடுப்புக்கு வேறு மரம் வெட்ட வேண்டும். அந்த வெட்டும் கணக்கில் ஏற வேண்டும்.

புதைத்தது தங்குகிறதா என்றும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் டிகேட்டர் நகரில், மக்காச்சோளத்திலிருந்து எரிசாராயம் காய்ச்சும் ஆலையின் வாயுவைச் சுமார் 2 கிலோமீட்டர் ஆழத்தில் செலுத்துகிறார்கள். அங்கே ஒரு கண்காணிப்புக் கிணற்றின் குழாய் அரித்து, அனுமதித்த அடுக்கைத் தாண்டிக் கசிவு போனது. 2024 இல் செலுத்துவதைச் சிறிது காலம் நிறுத்தினார்கள். ஆகவே ஒருநாள் அளந்தால் போதாது. தலைமுறைகளுக்கும் அளக்க வேண்டும்.

நம் பக்கத்தில் தூத்துக்குடி ஆல்கலி ஆலையில், ஆண்டுக்கு 60,000 டன் வாயுவைப் பிடித்துச் சோடா செய்யும் ஏற்பாடு 2016 இல் தொடங்கியது. திறமையான வேலைதான். ஆனால் அங்கே கொதிகலனில் எரிந்தது நிலக்கரி; மரம் அல்ல. அந்தச் சோடாவைக் கண்ணாடி உலையில் போட்டால் வாயு மறுபடி காற்றுக்கே போகும். பிடிப்பது வேறு, குறைப்பது வேறு!

தோழர்களே! மரம் எங்கே வெட்டினார்கள், திரும்ப வளர்ந்ததா, யாருடைய விறகு போயிற்று? இவற்றை மீட்டர் சொல்லாது. அந்த மண்ணில் உழைப்பவனுக்குத்தான் தெரியும். இப்படி ஓர் ஆலை நம் ஊருக்கு வருமானால், முழுக் கணக்கையும் தமிழில் கிராம சபையில் வைக்கச் சொல்லுவோம். வரி வரியாகச் சரிபார்ப்போம்!