கண்டும் கொள்ளாத அறம்



நிலவியல் அறிஞர் இராபர்ட் புரூஸ் பூட் 1863 மே 30ஆம் நாள் பல்லாவரத்தில் ஒரு கற்கருவியைக் கண்டெடுத்தார். அவ்வாண்டு செப்டம்பரில், ஆவடிக்கு வடமேற்கே கொசத்தலையாற்றுப் படுகையிலுள்ள அத்திரம்பாக்கத்தில், வில்லியம் கிங்குடன் மேலும் பல கருவிகளைக் கண்டார். ஆயினும் அவற்றின் காலம் விளங்க நூறாண்டுக்கு மேல் ஆயிற்று.

1999 முதல் அங்கே அகழ்ந்த சாந்தி பப்பு குழுவினர் கல்லை மட்டும் நாடவில்லை. அது புதைந்திருந்த மண்ணடுக்கையும் உடன் ஆராய்ந்தனர். அதனாலன்றோ, அங்குள்ள தொன்மையான கருவிகள் ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுப் பழமை உடையன என்று 2011இல் உலகம் அறிந்தது!

அகழாய்வாளர் மண்ணை மெல்லிய படலமாகச் சுரண்டுவார். ஒரு பொருள் தென்பட்டால் உடனே எடுப்பதில்லை. ஆழம் அளந்து, படம் பிடித்து, குறிப்பெழுதிய பின்னரே தொடுவார். நாள் முழுதும் வெயிலில் உழைத்துக் கண்ட பொருளில் ஒன்றேனும் அவருக்கு உரியதன்று. மிகுபொருள் விரும்பாமை என்று பகவான் மகாவீரர் அருளிய நோன்பு அங்கே தொழிலறமாக நிற்கிறது.

நம் கடமையும் இதுவே. ஆலயத் திருப்பணியிலோ, வீட்டுக்குக் கடைகால் தோண்டுகையிலோ பழைய சிற்பமோ எழுத்துப் பொறித்த கல்லோ வெளிப்படலாம். அதனைப் பெயர்க்காமல், தேய்த்து மெருகேற்றாமல், தொல்லியல் துறைக்கு அறிவிப்போம். இடம் பெயர்ந்த கல் பாதி ஊமை. புழல் ஆதிநாதர் ஆலயத்தை வணங்கும் நாம், நம் முன்னோரின் சான்றுகளை ஊமையாக்கலாகாது.

வாழ்க அறம்!