ஊரடங்கும் கூலிக்காரனும்



கொரோனாவுக்காக 2020ம் வருஷம் மார்ச்சு 24ந் தேதி இரவு 8 மணிக்குப் பிரதம மந்திரி பேசினார். நள்ளிரவு முதல் 21 நாளைக்கு வீட்டை விட்டு வரக் கூடாதென்றார். இடையில் இருந்தது நாலே மணி நேரம். மாதச் சம்பளக்காரர் அரிசி பருப்பை வாங்கிப் போட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். அன்றாடக் கூலியில் அன்றாடம் உலை வைக்கிறவன் எதைக் கொண்டு வாங்குவான்? டீக்கடை, சவரக்கடை, தையற்கடை எல்லாம் பூட்டு. ரயிலில்லை, பஸ்ஸில்லை. பிழைக்கப் போனவர்கள் மூட்டை முடிச்சோடு நூற்றுக்கணக்கான மைல் நடந்தார்கள். மே 8ந் தேதி மகாராஷ்டிரத்தில் ஔரங்காபாத் பக்கம், நடந்த களைப்பில் தண்டவாளத்திலேயே தூங்கிய 16 பேர் கூட்ஸ் வண்டியில் அடிபட்டுச் செத்தார்கள்.

நோய்க்காக விலகி நிற்கச் சொன்னது சரியே. அதை நாம் மறுக்கவில்லை. ஆனால், "பார்த்தீர்களா, நம் பெரியவர்கள் தீண்டாமை வைத்தது இதற்காகத்தான்" என்று சிலர் பேசத் துணிந்தார்களே, அதற்கென்ன சொல்வது? வைத்தியர் விலகச் சொன்னது எல்லோரையும். நோய் போனால் தீர்ந்தது. இவர்கள் சொல்லும் விலகலோ ஒரு சாராருக்கு மட்டும், பிறந்த நாள் முதல் சுடுகாடு வரைக்கும்! அந்த மாதங்களிலும் இவர்கள் வீட்டுக் குப்பையை வாரியது யார்?

கலியாணத்துக்கு 50 பேருக்கு மேல் கூடாதென்று மே மாதம் உத்தரவாயிற்று. கடன் வாங்கி ஆயிரம் இலை போடாமலே கலியாணங்கள் நடந்தன. நாம் வெகு நாளாய்ச் சொல்லி வருவதுதான். ஆனால் பந்தற்காரர், சமையற்காரர், நாதஸ்வரக்காரர் வரும்படியில் பெரும்பங்கு சித்திரை, வைகாசி முகூர்த்தங்களில்தான். அவர்கள் அவ்வருஷம் வட்டிக் கடைக்குப் போனதையும் நாம் மறைக்கக் கூடாது.