குலைவதும் ஒரு வேலையே

வடநாட்டார் 'சதாபகார்' என்று வழங்கும் செடி, நாம் ஊரில் நித்தியகல்யாணி என்று அறிந்த செடியேயாகும். மடகாஸ்கர் தீவைத் தாயகமாகக் கொண்ட இச்செடியிலிருந்து வின்கிரிஸ்டின் என்னும் மருந்து கிடைக்கிறது. குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்குத் தரப்பெறும் மருந்துகளுள் அதுவும் ஒன்று. அது செய்யும் வேலையை அறிய, உயிரணுவுக்குள் உள்ள ஒருவகைப் புரத இழையை நாம் அறிதல் வேண்டும்.

அவ்விழைக்கு நுண்குழல் என்று பெயர். டியூபுலின் என்னும் புரதத் துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்று, பெரும்பாலும் 13 வரிசைகள் வட்டமாகக் கூடி அமைந்த குழல் அது. அதன் விட்டம் ஏறத்தாழ 25 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் அத்தகைய குழல்கள் 40,000 அருகருகே அடங்கும்.

இக்குழல்கள் நிலையானவை அல்ல. ஒரே கலத்தில் சில வளர்ந்துகொண்டிருக்க, வேறு சில திடீரெனக் குலைவதை டிம் மிட்சிசன், மார்க் கிர்ஷ்னர் என்னும் இருவர் 1984இல் எடுத்துரைத்தனர். புதிதாகச் சேரும் துண்டு ஜி.டி.பி. என்னும் ஆற்றற்பொருளைத் தாங்கி வருகிறது. சேர்ந்தபின் அப்பொருள் சிதைகிறது. நுனியில் புதிய துண்டுகள் மூடிபோல் இருக்கும்வரை குழல் நிற்கும்; மூடி போயின் குழல் குலையும்.

கட்டியதைக் குலைப்பது வீண்செலவன்றோ எனலாம். அன்று. உயிரணு இரண்டாகப் பிரியும்போது, நிறப்புரிகள் இருக்குமிடம் நுண்குழலுக்கு முன்கூட்டித் தெரியாது. அது நீண்டு துழாவுகிறது. தவறினால் குலைந்து மீண்டும் நீளுகிறது. பற்றிக்கொண்டபின், குழல் குறுகக் குறுக, நிறப்புரிகள் இரு பக்கமாகப் பிரிகின்றன.

வின்கிரிஸ்டின் துண்டுகளைச் சேரவிடாது தடுக்கிறது. டாக்சால் என்னும் மற்றொரு மருந்தோ, சேர்ந்த குழலைக் குலையவிடாது தடுக்கிறது. சூசன் ஹார்விட்ஸ் குழுவினர் இதனை 1979இல் வெளியிட்டனர். செயல் எதிரெதிராயினும் பயன் ஒன்றே: உயிரணு பிரிய இயலாது தடைப்படுகிறது, புற்றணுக்கள் மடிகின்றன.

ஆயினும் இம்மருந்துகள் நரம்பையும் தாக்குகின்றன. இடுப்பிலிருந்து கால்விரல்வரை செல்லும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளமுடையது. அவ்வளவு தொலைவுக்கும் வேண்டும் சரக்குகள் நுண்குழல்களையே தண்டவாளமாகக் கொண்டு செல்கின்றன. அப்பாதை கெடும்போது விரல்கள் மரத்துப்போகின்றன. ஆதலின் மருத்துவர் அளவறிந்தே இதனைத் தருகின்றனர். விரல் மரத்தால் நோயாளி அதனைத் தாங்கிக்கொண்டிராது உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். முற்றத்துச் செடியைப் பறித்துக் கஷாயம் வைத்து அருந்துவதோ ஒருபோதும் தகாது. நோயைத் தாக்கும் பொருளே நம்மையும் தாக்கவல்லது.