வீடு மாறிடுச்சு, முகவரி மாறிச்சா?

2000-ல் தரமணியில் டைடல் பார்க் திறந்தப்போ, பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் சென்னை மாநகராட்சிக்கு வெளியே இருந்த ஊர்கள். 2011-ல் மாநகராட்சியில் சேர்ந்தன. ஐ.டி. சம்பளம் வந்தது, அடுக்குமாடிகள் எழுந்தன, வாடகையும் ஏறிச்சு. வீட்டு வேலை செய்யும் அக்கா, ஆட்டோ ஓட்டும் அண்ணன்னு பலர் தள்ளிக் குடிபோயிட்டாங்க. ஆனா அவங்கள்ல பலரோட ரேஷன் கார்டும் ஓட்டும் இன்னும் பழைய தெருவிலேயே இருக்கு.

வீடு மாறினா பதிவும் மாறணும். வாக்காளர் முகவரிக்குப் படிவம் 8, இணையத்திலேயே நிரப்பலாம். ரேஷன் கார்டுக்கு உணவு வழங்கல் துறை இணையதளம் அல்லது இ-சேவை மையம். உங்களுக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பத்துக்கு உங்க போன்லயே செஞ்சு கொடுங்க. ஆனா கைபேசி எண் அவங்களோடதா இருக்கட்டும், ஓ.டி.பி. அவங்களுக்குத்தான் போகணும்.