ஷேர் மார்க்கெட் பாஷையைப் புரிந்துகொள்வோம்

(பவானியில் ஆலைத் தொழிலாளருக்கும் விவசாயத் தொழிலாளருக்கும் நடந்த வகுப்பில் பேசியதன் சுருக்கம்)



ஷேர் மார்க்கெட்டுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் பலர் நினைக்கலாம். சம்பந்தம் இருக்கிறது. ஆலைத் தொழிலாளியின் பிராவிடண்டு பண்டில் புதிதாகச் சேரும் பணத்தில் ஒரு பகுதி 2015 ஆகஸ்டு முதல் ஷேர் மார்க்கெட்டுக்குப் போகிறது. முதலில் 5 சதவீதம். 2017இல் அது 15 சதவீதமாக உயர்ந்தது. தொழிற்சங்கங்கள் ஆட்சேபித்தன, சர்க்கார் கேட்கவில்லை. ஆகவே, நீங்கள் மார்க்கெட்டுக்குப் போகாவிட்டாலும் உங்கள் பணம் போய்விட்டது.

இன்னொரு பக்கம், வயலில் கூலிக்குப் போகும் குடும்பத்துப் பிள்ளையின் கையிலும் இன்று செல்போன் இருக்கிறது. "ஐந்து நிமிஷத்தில் கணக்குத் தொடங்கலாம், வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம்" என்று அதில் அழைப்பு வருகிறது. அழைக்கிறவர்கள் பேசுவது இங்கிலீஷ் சொற்கள். புரியாத சொல் என்றால் ஒன்று பயம் வருகிறது, இல்லாவிட்டால் மோகம் வருகிறது. இரண்டும் வேண்டாம். சொற்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்ப்போம்.

ஷேரும் டிவிடெண்டும்

ஷேர் என்றால் பங்கு. ஒரு மில் தொடங்க ஒரு கோடி ரூபாய் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதைப் பத்துப் பத்து ரூபாயாகப் பத்து லட்சம் துண்டு போடுகிறார்கள். ஒரு துண்டுதான் ஒரு ஷேர். இந்தப் பத்து ரூபாய்க்கு முகமதிப்பு என்று பெயர். முதன்முதலாக ஜனங்களிடம் ஷேர் விற்பதை ஐ.பி.ஓ. என்கிறார்கள். அதன் பிறகு ஷேர் கைமாறும் இடந்தான் ஷேர் மார்க்கெட். அங்கே பத்து ரூபாய் ஷேர் இருநூறுக்கும் போகும், இரண்டுக்கும் வரும்.

இங்கே ஒரு கணக்கைக் கவனியுங்கள். கம்பெனி லாபத்தில் பங்குக்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பது டிவிடெண்டு. "10 சதவீதம் டிவிடெண்டு" என்று பத்திரிகையில் வருகிறது. எதற்குப் பத்து சதவீதம்? முகமதிப்புக்கு. அதாவது ஒரு ஷேருக்கு ஒரு ரூபாய். இருநூறு ரூபாய் கொடுத்து அந்த ஷேரை வாங்கியவனுக்குக் கிடைப்பது நூற்றுக்கு அரை ரூபாய்தான். இது தெரியாமல் பத்து சதவீதம் வருகிறது என்று மயங்குகிறவர்கள் ஏராளம்.

அந்த லாபம் எங்கிருந்து வருகிறது? ஸ்பின்னிங்கில் இரவு ஷிப்டு பார்ப்பவருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. காகிதம் கைமாறுவதால் ஒரு கஜம் நூல்கூட உண்டாவதில்லை.

மியூச்சுவல் பண்டு என்றால் பலருடைய பணத்தைச் சேர்த்து ஒரு கம்பெனி ஷேர் வாங்கி நிர்வகிப்பது. மாதாமாதம் ஒரு தொகை கட்டுவது எஸ்.ஐ.பி. மாதாமாதம் கட்டுவதால் நம் ஊர்ச் சீட்டு போல என்று எண்ணிவிடாதீர்கள். சீட்டு முடியும்போது என்ன வரும் என்பது கணக்கில் தெரியும். இதில் மார்க்கெட் ஏறினால் ஏறும், இறங்கினால் போட்டதும் குறையும்.

காளையும் கரடியும்

விலை ஏறும் காலத்தைக் காளை என்றும் இறங்கும் காலத்தைக் கரடி என்றும் சொல்கிறார்கள். காளை கொம்பால் மேலே தூக்கும், கரடி கையால் கீழே அடிக்கும் என்று இதற்கு விளக்கம் கூறுவார்கள். சீனர்களும் இதே மிருகங்களைத்தான் வைத்திருக்கிறார்கள். சீன பாஷையில் ஷேருக்குக் கூப்பியாவ். ஏறும் சந்தை நியூஷி, அதாவது மாட்டுச் சந்தை. இறங்கும் சந்தை ஷியூங்ஷி, கரடிச் சந்தை. ஒரே வித்தியாசம் நிறத்தில். நம் நாட்டில் விலை ஏறினால் பச்சை, இறங்கினால் சிவப்பு. சீனாவில் ஏறினால் சிவப்பு, இறங்கினால் பச்சை!

அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடிச் சந்தையை உங்களுக்குத் தெரியும். மாடு வாங்குகிறவன் பல்லைப் பார்க்கிறான், சுழியைப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான். பம்பாய்த் தரகர்களும் முதலில் ஆலமரத்தடியில் கூடித்தான் வியாபாரம் செய்தார்கள். 1875இல் சங்கம் அமைத்தார்கள். கோயம்புத்தூரிலும் ஒரு பங்குச் சந்தை இருந்தது. வியாபாரமெல்லாம் கம்ப்யூட்டர் வழியாகப் பம்பாய்க்குப் போனபின், 2013இல் செபி உத்தரவுப்படி அது விலகிக்கொண்டது. இன்று செல்போனில் வாங்குகிறவன் பல்லையும் பார்ப்பதில்லை, சுழியையும் பார்ப்பதில்லை.

மஞ்சளைப் பார்க்காத மஞ்சள் வியாபாரம்

பியூச்சர்ஸ் என்றால் முன்பேரம். இன்ன மாதத்தில் இன்ன விலைக்கு வாங்குகிறேன், விற்கிறேன் என்று இன்றே பேசிக்கொள்வது. ஈரோட்டு மஞ்சளுக்கும் இந்தப் பேரம் நடக்கிறது. ஒரு விரலி மஞ்சளைக்கூடக் கண்ணால் பார்க்காதவர்கள் வாங்குகிறார்கள், விற்கிறார்கள்.

முழுப் பணமும் கட்ட வேண்டியதில்லை. கட்டும் முன்பணத்துக்கு மார்ஜின் என்று பெயர். ஒரு லட்ச ரூபாய்ச் சரக்குக்குப் பத்தாயிரம் கட்டியதாக வையுங்கள். விலை பத்து சதவீதம் இறங்கினால் அந்தப் பத்தாயிரமும் போயிற்று. இருபது சதவீதம் இறங்கினால் இன்னும் பத்தாயிரம் கடன். ஆப்ஷன் என்பது இதற்குத் தம்பி: ஒரு தொகை கொடுத்து, குறித்த விலைக்கு வாங்கவோ விற்கவோ உரிமை பெறுவது. கெடு தாண்டிவிட்டால் பெரும்பாலும் அந்தத் தொகை திரும்பாது.

பங்குச் சந்தையில் நடக்கும் இந்தப் பேரத்தைப் பற்றிச் சர்க்காரின் செபியே 2024 செப்டம்பரில் கணக்கு வெளியிட்டது. 2021-22 முதல் 2023-24 வரை மூன்று வருஷங்களில் இதில் இறங்கிய தனிநபர்களில் 100க்கு 93 பேர் நஷ்டப்பட்டார்கள். மொத்த நஷ்டம் 1,80,000 கோடி ரூபாய்க்கு மேல். இவர்களில் முக்கால்வாசிப் பேர் வருஷ வருமானம் ஐந்து லட்சத்துக்கும் குறைவு என்று காட்டியவர்கள். யாருக்கு லாபம்? 2023-24இல் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்த கம்பெனிகளுக்குச் சுமார் 33,000 கோடி. வெளிநாட்டு முதலீட்டுக்காரர்களுக்குச் சுமார் 28,000 கோடி. இருபுறமும் சமமான ஆட்டம் என்று யாராவது இனிச் சொல்ல முடியுமா?

சீனர்கள் சிறு முதலீட்டுக்காரனுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள்: ஜியூத்சாய். அது பூண்டுத்தாள் போன்ற ஒரு கீரை. அறுத்தால் மறுபடி துளிர்க்கும், மறுபடி அறுக்கலாம். 2015 ஜூனில் ஷாங்காய்ச் சந்தை சரியத் தொடங்கி நாலு வாரத்துக்குள் சுமார் மூன்றில் ஒரு பங்கு மதிப்பு கரைந்தது. கடன் வாங்கிப் போட்டிருந்த சாதாரண ஜனங்கள்தான் முதலில் அறுபட்டார்கள்.

"நிச்சய லாபம்" என்னும் சொல்

எல்லாச் சொல்லிலும் அபாயமானது இதுதான். 2009இல் திருப்பூரில் பாசி பாரெக்ஸ் என்ற கம்பெனி அன்னிய நாணய வியாபாரம் என்று சொல்லி வசூலித்துக் கவிழ்ந்தது. மோசடித் தொகை சுமார் 930 கோடி. 2022இல் கோவைக் கோர்ட்டு இருவருக்கு 27 வருஷ ஜெயில் தண்டனை விதித்தது. தீர்ப்பு வரப் பதின்மூன்று வருஷம் ஆயிற்று! 2012இல் பக்கத்துப் பெருந்துறையில் ஈமுக் கோழிக் கம்பெனிகள் கவிழ்ந்தன. கோழி வளர்த்தால் மாதாமாதம் பணம் நிச்சயம் என்றார்கள். கடைசியில் தீனியில்லாத கோழிதான் மிஞ்சியது.

ஆகவே, யாராவது பணம் கேட்டால் நாலு கேள்வி கேளுங்கள். செபியில் பதிவு உண்டா, பதிவு எண் என்ன? லாபம் எந்த வேலையிலிருந்து வருகிறது? நஷ்டமானால் யார் தலையில்? நினைத்தபோது பணத்தை எடுக்க முடியுமா? "நிச்சயம்" என்று வாக்குக் கொடுத்தால் அங்கேயே எழுந்துவிடுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். 1997ஆம் வருஷத்துத் தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பொருளாதாரக் குற்றப்பிரிவுப் போலீசில் எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுங்கள்.

கடன் வாங்கியோ, தாலிக்கொடியை அடகு வைத்தோ, மகள் கல்யாணப் பணத்தை எடுத்தோ முன்பேரத்தில் இறங்காதீர்கள். இதை உங்கள் பிள்ளைகளுக்கு இன்று ராத்திரியே சொல்லுங்கள். பிராவிடண்டு பணத்துக்கு வருஷா வருஷம் என்ன வட்டி அறிவித்தார்கள், மார்க்கெட்டில் எவ்வளவு போட்டார்கள் என்று சங்கத்தில் கணக்குக் கேளுங்கள். அது உங்கள் பணம். கேட்பது உங்கள் உரிமை.