வெப் டெவலப்பர் ஆக நகையை அடகு வைக்கலாமா?

இந்த எபிசோடை ஓசூர்ல எங்க வீட்டு மாடி ரூம்ல உக்காந்து பதிவு பண்றேன். நடுவுல லாரி ஹாரன் கேட்டா பொறுத்துக்கோங்க. ஹைவே பக்கத்துலயே இருக்கு, எடிட்டிங்ல எடுத்துடலாம்னு பார்த்தேன், என் குரலும் சேர்ந்து போயிடுது.

போன மாசம் காவேரிப்பட்டணத்துல ஒரு காதுகுத்து. பந்தியில எனக்குப் பக்கத்துல என் சித்தி பையன் உக்காந்தான். இன்ஜினியரிங் முடிச்சு எட்டு மாசம் ஆச்சு, வேலை கிடைக்கல. சாம்பார் ஊத்துற நேரத்துல மெதுவா கேட்டான்: "அண்ணா, பெங்களூருல ஒரு ஃபுல் ஸ்டாக் கோர்ஸ் இருக்கு. 85,000 ரூபாய். அம்மா வளையலை அடகு வெச்சுக் கட்டிடலாம்னு சொல்றாங்க. சேரலாமா? இல்ல, ஏஐ வந்ததும் இந்த வேலையே போயிடுமா?"

வாயில சோறு இருந்ததால உடனே பதில் சொல்லாம தப்பிச்சேன். ஆனா அந்தக் கேள்வி என்னை விடல. இன்னிக்கு எபிசோட் அவனுக்கான பதில்தான். அவனை மாதிரி நிறைய பேர் இதைக் கேக்குறீங்கன்னு உங்க மெசேஜ்லயே தெரியுது.

முதல்ல என் கதை. நான் 2019-ல வேலைக்குச் சேர்ந்தேன். தினமும் ஓசூர் பஸ் ஸ்டாண்ட், ஜூஜூவாடி, அத்திப்பள்ளி, சந்தாபுரா, எலக்ட்ரானிக் சிட்டி. இப்போ பொம்மசந்திரா வரைக்கும் மஞ்சள் லைன் மெட்ரோ வந்துடுச்சு, 2025 ஆகஸ்ட்ல திறந்தாங்க. அப்போ எங்களுக்கு பஸ்ல நின்னுகிட்டே தூங்குற கலை மட்டும்தான்.

முதல் ஆறு மாசம் எனக்குக் கொடுத்த வேலை என்ன தெரியுமா? டிசைனர் ஒரு படம் கொடுப்பாங்க. அதை அப்படியே பிரவுசர்ல கொண்டு வரணும். பட்டன் நாலு பிக்சல் தள்ளி இருந்தா திருப்பி அனுப்புவாங்க. பதினாலு கட்டம் இருக்கிற ஒரு ஃபார்ம் செய்ய எனக்கு மூணு நாள் ஆச்சு. ஐபோன்ல தேதி கட்டம் வேற மாதிரி நடந்துக்கும்னு அந்த மூணு நாள்லதான் தெரிஞ்சது. ஒரு பட்டனை ரெண்டு தடவை தட்டினா சர்வருக்கு ரெண்டு ஆர்டர் போகும்னும் அப்போதான் தெரிஞ்சது. பக்கத்து சீட்டு அக்கா ஒருத்தங்க தன் வேலையை நிறுத்திட்டு வந்து அரை மணி நேரம் சொல்லிக் கொடுத்தாங்க. அந்த அரை மணி நேரத்துக்கும் கம்பெனிதான் சம்பளம் கொடுத்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வருவேன்.

சமீபத்துல அதே மாதிரி ஒரு ஃபார்ம் டிக்கெட் வந்துச்சு. டிசைனோட ஸ்கிரீன்ஷாட்டை ஏஐ டூல்ல போட்டேன், என்ன வேணும்னு நாலு வரி எழுதினேன். சரி பார்த்ததையும் சேர்த்து நாப்பது நிமிஷத்துல முடிஞ்சது. மதியச் சாப்பாடு வரைக்கும் எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம்தான் உறைச்சது. 2019-ல இருந்த நான் இன்னிக்கு அந்த ஆபீஸ் வாசல்ல வந்து நின்னா, அவனுக்குக் கொடுக்க என்ன வேலை இருக்கு?

"வெப் டெவலப்பர் கதை முடிஞ்சது"ங்கிறது பழைய பாட்டுதான். வேர்ட்பிரஸ் 2003-ல வந்தது, இன்னிக்கு உலகத்துல இருக்கிற வெப்சைட்ல பத்துக்கு நாலு அதுலதான் ஓடுது. இனிமே யாரு கோட் எழுதுவாங்கன்னாங்க. ஃப்ளாஷ்லயே வாழ்க்கையை ஓட்டினவங்க இருந்தாங்க. 2010-ல ஸ்டீவ் ஜாப்ஸ் அது ஐபோனுக்கு வேண்டாம்னு ஒரு திறந்த கடிதம் எழுதினார், 2020 கடைசியில அடோபியே ஆதரவை நிறுத்திடுச்சு. ஜேக்வெரி தெரிஞ்சா வேலை நிச்சயம்னு இருந்தது, 2013-ல ரியாக்ட் வந்தப்புறம் அதுவும் மாறிடுச்சு. ஒவ்வொரு தடவையும் வேலை செய்ற விதம் மாறுச்சு. ஆளுங்க குறையல, கூடினாங்க.

இதைச் சொல்லி அவனைத் தேத்தி அனுப்பியிருக்கலாம். ஆனா அது பாதி உண்மைதான். அந்த மாற்றங்கள்ல கத்துக்க வர்ற ஆளோட முதல் படி உடையல. பழைய டூல் போனா புது டூல்ல சின்ன வேலை கிடைச்சது. இப்போ அந்தச் சின்ன வேலையைத்தான் மிஷின் எடுத்துக்கிட்டிருக்கு.

சரி, மிஷின் அவ்வளவு நல்லா செய்யுதா? அமெரிக்காவுல எம்.இ.டி.ஆர்.னு ஒரு ஆய்வு அமைப்பு 2025-ல ஒரு சோதனை பண்ணாங்க. அனுபவமுள்ள 16 டெவலப்பர்கள், அவங்களுக்கு நல்லா பழக்கமான கோட்ல 246 வேலைகள். ஏஐ வெச்சு செஞ்சப்போ 20 சதவீதம் வேகமா முடிச்சதா அவங்க நம்பினாங்க. கடிகாரத்தைப் பார்த்தா 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது! சின்ன ஆய்வுதான், அப்போ இருந்த டூல்களும் வேற, அதனால இதை வெச்சு "ஏஐ ஒண்ணுமே இல்ல"ன்னு யாரும் விசில் அடிக்க வேண்டாம். எனக்கு அதுல பிடிச்ச விஷயம் வேற: வேகமா போறோம்ங்கிற உணர்வை நம்ப முடியாது. அந்த நாப்பது நிமிஷத்தை நான் இன்னும் சந்தேகத்தோடதான் சொல்றேன்.

இப்போ ஓசூருக்கு வருவோம். எங்க ஊர்ல இந்தக் கதை ஒரு தடவை நடந்திருக்கு, வாட்ச்ல.

பெங்களூருல எச்.எம்.டி. 1961-ல ஜப்பானோட சிட்டிசன் கம்பெனி கூட்டுல வாட்ச் செய்ய ஆரம்பிச்சது. கல்யாண மாப்பிள்ளைக்கு எச்.எம்.டி. போடலன்னா மரியாதைக் குறைவுங்கிற காலம். அவங்க குவார்ட்ஸும் செஞ்சு பார்த்தாங்க, ஆனா பலம் முழுக்க சாவி கொடுக்குற வாட்ச்லதான். டாடாவும் தமிழ்நாடு அரசோட டிட்கோவும் சேர்ந்து 1984-ல தொடங்கின டைட்டன், ஓசூர்ல ஃபேக்டரி போட்டு குவார்ட்ஸைக் கையில எடுத்தது. குவார்ட்ஸ்ங்கிறது பேட்டரியில ஓடுற ஒரு படிகம், செகண்டுக்கு 32,768 தடவை அதிரும். ரெண்டோட பதினஞ்சாம் அடுக்கு, நம்ம ஆளுங்களுக்குப் பார்த்த உடனே பிடிச்சுப் போற நம்பர். பேலன்ஸ் வீலைக் கையால சரி பண்ணி நேரத்தைப் பிடிக்கிற திறமை அங்க தேவைப்படல. எச்.எம்.டி. வாட்ச் கம்பெனியை மூடலாம்னு 2016-ல மத்திய அரசு முடிவெடுத்தது. டைட்டன் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு.

"மாற்றத்தை ஏத்துக்கிட்டவன் ஜெயிச்சான்"னு சொல்லி இந்தக் கதையை எல்லாரும் இங்கயே முடிச்சிடுவாங்க. எனக்கு அதுக்கப்புறம் இருக்கிறதுதான் முக்கியம். அந்த ஃபேக்டரியில முதல்ல வேலைக்கு எடுத்தது பெரும்பாலும் சுத்துப்பட்டு ஊர்கள்ல பள்ளிக்கூடம் முடிச்சுட்டு வந்த பசங்களை, பொண்ணுங்களை. வாட்ச்சோட உள்பக்கத்தை அதுவரைக்கும் பார்த்தே இருக்காதவங்க. கம்பெனி அவங்களைக் கூப்பிட்டு, சம்பளமும் கொடுத்து, வேலையும் சொல்லிக் கொடுத்தது. புதுத் தொழிலைக் கத்துக்கிற செலவை முதலாளி ஏத்துக்கிட்டார்.

எங்க அப்பாவும் சிப்காட்ல ஒரு யூனிட்ல அப்ரெண்டிஸா நுழைஞ்சவர்தான். கையில மைக்ரோமீட்டரைக் கொடுத்து அளக்கச் சொன்னாங்களாம், முதல் ஒரு மாசம் அவர் அளந்தது எல்லாமே தப்பாம். மாசக் கடைசியில ஸ்டைபண்ட் வந்துச்சு.

இன்னிக்கு என் சித்தி பையன் நிலைமை? ஃப்ரெஷர் வேலைக்கு ரெண்டு வருஷ அனுபவம் கேக்குறாங்க. பெரிய ஐடி கம்பெனிகள் ஃப்ரெஷருக்குக் கொடுக்கிற சம்பளம் பத்து வருஷத்துக்கு மேலா வருஷத்துக்கு மூணரை லட்சத்தைச் சுத்தியே நிக்குது. அனுபவசாலிகளுக்கும் நிம்மதி இல்ல. டிசிஎஸ் 2025 ஜூலையில சுமார் 12,000 பேரைக் குறைக்கிறதா சொன்னப்போ, பெரும்பாலும் நடு மட்டத்துலயும் மேல் மட்டத்துலயும் இருக்கிறவங்கன்னுதான் சொன்னாங்க. அப்போ கத்துக்கிற செலவை யார் ஏத்துக்கிறது? அந்த 85,000 ரூபாயை என் சித்தி. கையில இருக்கிற வளையலை வெச்சு. எனக்குக் கோபம் ஏஐ மேல இல்ல மக்களே, இந்தக் கணக்கு மேலதான்.

அந்தக் கோர்ஸோட சிலபஸை அனுப்பச் சொல்லிப் பார்த்தேன். எச்டிஎம்எல், சிஎஸ்எஸ், ரியாக்ட், நோட், கடைசியில ஒரு ஷாப்பிங் வெப்சைட் ப்ராஜெக்ட். எல்லாம் யூடியூப்ல இலவசமா கிடைக்கும். அந்த ஷாப்பிங் வெப்சைட்டை ஏஐ ஒரு மத்தியானத்துல செஞ்சு கொடுத்துடும். இன்டர்வியூவுல அதைக் காட்டினா எதிர்ல இருக்கிறவருக்கும் அது தெரியும்.

சரி, எது மிச்சம் இருக்கு? என் சொந்தத் தப்பு ஒண்ணைச் சொல்றேன்.

தெரிஞ்சவர் ஒருத்தர் சிப்காட் பக்கம் ஒரு சின்ன மெஷினிங் யூனிட் வெச்சிருக்கார். ஆறு சிஎன்சி, இருபத்தஞ்சு ஆளுங்க, பெரிய கம்பெனிகளுக்கு பார்ட்ஸ் சப்ளை. அவரோட டிஸ்பேட்ச் கணக்கு முழுக்க ஒரு வாட்ஸ்அப் குரூப்ல இருந்தது. டெலிவரி சலானை போட்டோ எடுத்துப் போடுவாங்க, தேடணும்னா விரலால தள்ளிக்கிட்டே போகணும். "ஏதாச்சும் பண்ணிக் கொடு தம்பி"ன்னார். ஏஐ உதவியோட ரெண்டு நாள்ல ஒரு வெப் ஆப் போட்டுக் கொடுத்தேன். பார்க்க அழகா இருந்தது. எனக்கே பெருமை.

முதல் வாரமே ஒரு லோடு கஸ்டமர் கேட்ல இருந்து திரும்பி வந்துச்சு. பார்ட்ஸ் பெட்டியில பேட்ச் நம்பர் 0047. என் ஆப் அச்சடிச்ச சலான்ல 47. ஜாவாஸ்கிரிப்ட்ல அந்தக் கட்டத்தை நம்பரா எடுத்துக்கிட்டதால முன்னாடி இருந்த சைபரெல்லாம் காணாம போச்சு. கேட்ல இருந்தவருக்கு 0047 வேற, 47 வேற. அவர் செஞ்சது சரிதான். அது எண் மாதிரி தெரியுற பெயர்னு ஏஐக்கு நான் சொல்லல. சொல்ற அளவுக்கு எனக்கே தெரிஞ்சிருக்கல. லாரி வாடகை எவ்வளவு ஆச்சுன்னு அவர் சொல்லவே இல்ல, அதுதான் இன்னும் கஷ்டமா இருந்தது.

அடுத்த சனிக்கிழமை போய் அந்த யூனிட் கேட்லயே அரை நாள் நின்னேன். அப்போதான் தெரிஞ்சது, ஷெட்டுக்குள்ள சிக்னலே கிடையாது, அதனால நெட் இல்லாமலும் ஆப் ஓடணும். லோடு ஏத்துற பையனுக்கு ஹிந்தி மட்டும்தான் படிக்க வரும், கேட் செக்யூரிட்டிக்குக் கன்னடம், சூப்பர்வைசருக்குத் தமிழ். நான் எல்லாத்தையும் இங்கிலீஷ்ல போட்டு வெச்சிருந்தேன்! விரல்ல ஆயில் இருக்கும், சின்ன பட்டனைத் தட்டினா ஸ்கிரீன் கேக்காது. திரும்ப எழுதினேன். எழுதினதுல முக்கால்வாசி மறுபடியும் ஏஐதான், ஆனா இந்தத் தடவை என்ன கேக்கணும்னு எனக்குத் தெரிஞ்சிருந்தது. இப்போ ஆறு மாசமா ஓடுது. ஏதாச்சும் நின்னா ஞாயித்துக்கிழமையும் எனக்குத்தான் போன்.

ஓசூரைச் சுத்தி இப்படி வாட்ஸ்அப்லயும் எக்செல்லயும் ஓடுற யூனிட் எத்தனையோ இருக்கு. அவங்க பெங்களூரு கம்பெனி கேக்குற விலை கொடுக்க மாட்டாங்க. ஆனா பத்து, இருபதாயிரம் கொடுப்பாங்க, முக்கியமா உள்ள விடுவாங்க. சித்தி பையனுக்கு உடைஞ்சு போன முதல் படி அங்க கொஞ்சம் இருக்குன்னு நினைக்கிறேன். எல்லாருக்கும் இது ஒத்து வரும்னு சொல்லல. காசு ஒழுங்கா வராது, பி.எஃப். கிடையாது, பொண்ணு பார்க்கப் போற இடத்துல என்ன வேலைன்னு விளக்கவே அரை மணி நேரம் ஆகும்.

இன்னொண்ணு, சீக்கிரமா சொல்லிடுறேன். கண் தெரியாதவங்களும் ஸ்கிரீன் ரீடர் வெச்சுப் பயன்படுத்துற மாதிரி வெப்சைட் செய்றதை நம்ம ஊர்ல யாரும் ஒழுங்கா கத்துக்கிறது இல்ல. 2025 ஏப்ரல் 30-ல உச்ச நீதிமன்றம், டிஜிட்டல் சேவைகளை எல்லாரும் பயன்படுத்த முடியணும், அது வாழும் உரிமையோட பகுதின்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. பேங்க் கேஒய்சி பண்றப்போ கண் சிமிட்டச் சொல்றாங்க இல்லையா, அது முடியாதவங்க போட்ட வழக்கு அது. ஐரோப்பாவுலயும் 2025 ஜூன் 28-ல இருந்து இதுக்குச் சட்டம் நடைமுறையில இருக்கு. ஏஐ எழுதுற பக்கங்கள்ல நான் அடிக்கடி திருத்துறதும் இதைத்தான். இது தெரிஞ்ச ஆளைத் தேடினா எங்க டீம்லயே ஒருத்தர் கூட இல்ல, நானே இப்போதான் கத்துக்கிறேன்.

சித்திக்குப் போன் பண்ணி வளையலை எடுக்க வேண்டாம்னு சொன்னேன். "நீ மட்டும் படிச்சு வேலைக்குப் போயிட்டே"ன்னாங்க. அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு, நான் 2019-ல வந்தவன். பதில் சொல்லத் தெரியல. பையன்கிட்ட மட்டும் சொன்னேன்: மூணு மாசம் அந்தக் காசைத் தொடாதே. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல நான் ஃப்ரீ, எனக்குப் பக்கத்து சீட்டு அக்கா கொடுத்த அரை மணி நேரத்தை உனக்குத் தினமும் தர்றேன். அந்த யூனிட்ல ஸ்டோர்ஸ் கணக்கு இன்னும் நோட்டுலதான் இருக்கு, அதை நீ எடுத்துக்கோ.

யோசிச்சு சொல்றேன்னான். சனிக்கிழமை காலைல ஆறு மணி ஷிஃப்டுக்கு அந்த கேட்டுக்கு வரச் சொல்லியிருக்கேன். காவேரிப்பட்டணத்துல இருந்து நாலு மணி பஸ்ஸைப் பிடிக்கணும். வர்றானான்னு பார்க்கணும்.