கண்ணுக்கும் ஒரு கலுங்கு

(உப்பூரில் நடந்த குழுத் தலைவிகள் கூட்டத்தில் கண் நலம் பற்றிப் பேசியதன் எழுத்து வடிவம்)



கண் ஆபரேஷன் என்றால் நமக்கு உடனே புரைதான் ஞாபகம் வரும். முகாமுக்குப் போனேன், லென்ஸ் வைத்தார்கள், பார்வை திரும்பிவிட்டது என்று சொல்ல ஒவ்வொரு தெருவிலும் ஒரு அப்பத்தா இருக்கிறார். சந்தோஷம்தான். ஆனால் அதனாலேயே "மங்கினா மங்கட்டும், முத்தின பிறகு பாத்துக்கலாம்" என்ற நினைப்பும் நமக்கு வந்துவிட்டது. கண் நீர் அழுத்த நோய்க்கு இந்த நினைப்பு ஆகவே ஆகாது. டாக்டர்கள் இதைக் கிளாக்கோமா என்பார்கள். இதில் போன பார்வை போனதுதான். மிச்சம் இருப்பதைத்தான் காப்பாற்ற முடியும்.

இது என்ன நோய்?

நம்ம ஊர்க் கண்மாயை நினைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்கால் வழியாகத் தண்ணீர் வருகிறது, நிறைந்தால் கலுங்கு வழியாக வெளியேறுகிறது. கலுங்கு அடைத்துக்கொண்டால் பாரம் எல்லாம் கரைக்குத்தான். கண்ணின் முன்பகுதியிலும் ஒரு நீர் ஊறி ஊறி வடிகிறது. (அழும்போது வரும் கண்ணீர் வேறு, இது வேறு.) வடியும் வழி அடைபட்டால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். அது பின்னால் இருக்கும் பார்வை நரம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அழிக்கும்.

பெரும்பாலும் வலி இருக்காது. முதலில் ஓரப் பார்வைதான் போகும். எதிரே நிற்பவர் முகம் தெரியும். பக்கத்தில் வரும் வண்டி தெரியாது. அதனால் பலருக்கு நோய் இருப்பதே தெரிவதில்லை. 1990-களில் அரவிந்த் கண் மருத்துவமனை தென் மாவட்டக் கிராமங்களில் நடத்திய ஆய்வில், 40 வயது கடந்த 1000 பேரில் 26 பேருக்கு இந்த நோய் இருந்தது.

இன்னொரு வகை உண்டு. திடீரென்று கண் சிவந்து, கடுமையாக வலித்து, வாந்தி வரும். விளக்கைச் சுற்றி வானவில் போல வளையம் தெரியும். அப்படி வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கிளம்ப வேண்டும்.

என்ன வைத்தியம்?

முதலில் சொட்டு மருந்து. சிலருக்கு லேசர். அதில் அடங்காவிட்டால், நீர் வடிய புது வழி வெட்டிவிடும் ஆபரேஷன். சிலருக்கு அந்த வழியும் தழும்பு ஏறி மூடிக்கொள்ளும். சர்க்கரை நோயால் கண்ணில் புது ரத்தக்குழாய்கள் முளைத்தவர்களுக்கும், அடிபட்ட கண்ணுக்கும் அழுத்தத்தை அடக்குவது கஷ்டம். இப்படிப்பட்டவர்களுக்குத்தான் வடிகால் குழாய் வைக்கிறார்கள்.

மெல்லிய சிலிக்கான் குழாய், அதன் நுனியில் ஒரு சின்னத் தட்டு. தட்டை மேல் இமைக்கு அடியில், வெள்ளை விழிமேல் உள்ள தோலுக்குள் வைத்துத் தைப்பார்கள். குழாயின் மறுமுனை கண்ணின் முன்பகுதிக்குள் போகும். நீர் குழாய் வழியாகத் தட்டுக்கு வந்து, சுற்றியுள்ள சதையில் சுவறிவிடும். இதுதான் கண்ணுக்குக் கட்டும் புதுக் கலுங்கு. வெளியே பார்ப்பவர்களுக்குப் பெரும்பாலும் தெரியாது.

1960-களின் கடைசியில் தென்னாப்பிரிக்காவில் மோல்டெனோ என்ற டாக்டர் இப்படி ஒரு சாதனத்தைக் கொண்டுவந்தார். வெளிநாட்டுச் சாதனம் ஏழைகளுக்குக் கட்டுப்படியாகாத விலை. 2013 முதல் நம்ம மதுரையிலேயே ஆரோலேப் குறைந்த விலையில் செய்து தருகிறது. கண்ணுக்குள் வைக்கும் லென்ஸை மலிவாகச் செய்ய 1992-இல் தொடங்கிய நிறுவனம் அது. அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் கிராமத்துப் பெண்கள். நம்மைப் போன்ற வீட்டிலிருந்து போன பிள்ளைகள்!

ஆபரேஷன் முடிந்த பிறகு

நீர் ஒரேயடியாக வடிந்துவிட்டால் கண் சுருங்கிப்போகும். அதனால் மதுரைக் குழாயை ஒரு நூலால் கட்டிவிடுவார்கள். ஏறக்குறைய 6 வாரத்தில் நூல் தானாகக் கரைந்து குழாய் திறக்கும். அதுவரை அழுத்தம் முழுதாக இறங்காது. "ஆபரேஷன்தான் ஆச்சே" என்று மருந்தை நிறுத்திவிடாதீர்கள். நூல் கரையும் நாட்களில் சொன்ன தேதிக்குப் போயே ஆக வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது. டாக்டர் சொல்லும்வரை தலைக்குத் தண்ணீர் ஊற்றக் கூடாது, ஊருணியில் குளிக்கக் கூடாது. வலி, சிவப்பு, பீளை, திடீர் மங்கல் எது வந்தாலும், எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், அன்றைக்கே போங்கள். சிலருக்கு ஆபரேஷனுக்குப் பிறகும் சொட்டு மருந்து தேவைப்படும். பரிசோதனை ஆயுசுக்கும் உண்டு.

நம் குழுக்கள் செய்யக்கூடியது

* 40 வயது கடந்த ஒவ்வொரு உறுப்பினரும் கண் அழுத்தமும் பார்வை நரம்பும் பார்த்துக்கொள்ள வேண்டும். கண்ணாடிக் கடையில் பவர் பார்ப்பது மட்டும் போதாது.
* தாய் தகப்பனுக்கோ கூடப்பிறந்தவர்களுக்கோ இந்த நோய் இருந்தால் கட்டாயம் பாருங்கள். சர்க்கரை உள்ளவர்களும் அப்படியே.
* கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு வாங்கி ஊற்றாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை நாள்கணக்கில் ஊற்றினால் அதுவே அழுத்தத்தை ஏற்றும்.
* போகும்போது காப்பீட்டு அட்டையைக் கையோடு கொண்டு போங்கள். எந்தச் செலவு அதில் சேரும் என்று ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள்.
* மாதாமாதம் சொட்டு மருந்து வாங்கக் காசு இல்லாமல் ஒரு உறுப்பினர் நிறுத்துகிறார் என்றால், குழுவின் உள்கடனில் அவருக்கு முதலிடம் கொடுங்கள்.

ஆட்டுக்குக் கடன் கொடுக்கிறோம், வலைக்குக் கடன் கொடுக்கிறோம். ஆட்டை மேய்க்கவும் வலையைப் பின்னவும் கண் வேண்டாமா? கணவருக்கும் பிள்ளைக்கும் பார்த்துவிட்டு மிச்ச நேரத்தில் நமக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடாதீர்கள். அடுத்த குழுக் கூட்டத்தில் வருகைப் பதிவேட்டை எடுக்கும்போது, யார் யார் கண் பரிசோதனை செய்துகொண்டீர்கள் என்றும் ஒரு வரி கேட்டு எழுதுங்கள்.